அம்மா போட்ட மாட்டு ஊறுகாய்

எங்கள் வீட்டில் மாட்டுக்கு ஊறுகாய் போட்ட கதையை அப்பா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்த முதல் ஆள் நான்தான்.

அச்சங்குளத்துப் பக்கம் எங்கள் ஊர். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு கறவை மாடு. மழைக்காலத்தில் பசுந்தீவனமும் இருக்கும், பாலும் இருக்கும். கோடை வந்தால் இரண்டும் வற்றிப்போகும். கோடையிலும் மாடு கறந்துவிட்டால் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று அம்மா ஆசைப்பட்டாள்.

அதற்கு வழி சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. பச்சை மக்காச்சோளத் தட்டையைத் தண்டும் இலையுமாகப் பொடியாக வெட்டி, பெரிய பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டினால் புளித்து, கோடை வரை கெடாமல் இருக்குமாம். புளிக்க வைக்கும் பாக்டீரியாப் பொடியையும் மாட்டாஸ்பத்திரியில் விசாரித்து வாங்கி வந்திருந்தார். அதை வெல்லத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். பொடியை மட்டும் நம்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. பூண்டும் கிராம்பும் பட்டையும் சேர்த்தால் பூசணம் பிடிக்காது என்று மாமா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அம்மியில் அரைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

“மாட்டுக்கு என்ன பிரியாணியா போடுற?” என்றார் அப்பா.

தட்டையைப் பைக்குள் போட்டு மிதிக்க மாமா சொன்னபோது அம்மா பின்வாங்கினாள்.

“அடைச்சு, மிதிச்சு, வாயைக் கட்டணுமா? வெடி கட்டுற மாதிரில்ல இருக்கு.”

அதனால் மிதிக்கும் வேலை எனக்கு வந்தது. அம்புட்டு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த வேலையும் செய்ததில்லை. பையை மாட்டுக்கொட்டகையில், அடுப்படிச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள்.

இரண்டு மூன்று நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பை பூரி மாதிரி உப்பி நின்றது. அம்மா கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. நனைந்த மருந்து சூடானால் என்ன ஆகும் என்று கம்பெனியில் தெரிந்துகொண்டவள் அவள்.

“பிள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போங்க” என்று அப்பாவிடம் சொல்லி, மாட்டையும் அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“மாட்டுத் தீவனம் எங்கயாச்சும் வெடிக்குமா?”

“சிரிக்காதீக, போங்க! காத்த எறக்கி விடலேன்னா வீடே போயிரும்.”

நாங்கள் ரோட்டில் நின்று பார்த்தோம். அம்மா செருப்பைக் கழற்றினாள். இரும்பு உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று, கையிலிருந்த அரிவாளை வாசலிலேயே வைத்தாள். நுழையும் முன் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் அழுத்தினாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று மருந்தறைக்குள் போகும்போது செய்கிற பழக்கம் அது. மாட்டுக்கொட்டகையைப் போய்க் கும்பிடுகிறாளே என்று நான் சிரித்தேன்.

பையின் முடிச்சை மெல்ல அவிழ்த்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். புளித்த மாவும் கிராம்பும் கலந்த வாடை ரோடு வரை வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிரித்த சிரிப்பில் மாட்டுக் கயிற்றையே விட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார். “என்னக்கா இப்படிப் பண்ணிட்ட? காத்து உள்ள போனா அம்புட்டும் அழுகிரும்ல! புளிக்கிறப்ப கேஸ் வரத்தான் செய்யும்.”

“அத முன்னாடியே சொல்றதுக்கு என்னலே?” என்றாள் அம்மா.

மாமா பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மறுபடி கட்டினார். உள்ளே என்ன ஆனதோ என்று, பையைப் பிரிக்கும் வரை ஒன்றரை மாதமும் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிரித்தபோது மேலாக மட்டும் கொஞ்சம் பூசணம். அதைக் கழித்ததும் அடியில் மஞ்சள் நிறத்தில் மணக்க மணக்க நல்ல தீவனம். மாடு மூக்கை நுழைத்துத் தின்றது. காப்பாற்றியது பொடி என்று மாமாவும் பூண்டு என்று அம்மாவும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. மாடு கட்சி சேரவில்லை. அந்தக் கோடையில் பால் குறையாமல் கறந்தது, அம்மா கம்பெனிக்குப் போவதை நிறுத்தினாள்.

புளிச்ச தட்டைக்குப் பயந்தவள் என்று அப்பா கேலி செய்தால் அம்மாவும் சேர்ந்துதான் சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் நானும் அதையே சொல்லித் திரிந்தேன். ரோட்டில் நின்ற நாங்கள் யாரும் அது வெடிக்கும் என்று நம்பவில்லை. அம்மா நம்பினாள். நம்பிக்கொண்டேதான் உள்ளே போனாள். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை.