டாக்டர், வக்கீல், கபடி போக மிச்சம்

எங்க ஊரு சாமி பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. சாமி மேல கோவம்லாம் ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டுக்காரருக்கும் அதே பேரு, அம்புட்டுதான் விஷயம். புருஷன் பேரை வாயால சொல்லக்கூடாதுன்னு வளந்த கூட்டத்துல கடைசி ஆளு நான்னு வச்சுக்கோங்க. என் மக அவ வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறா. கோவம் வந்தா 'டா'வும் சேந்துக்கும். அந்தப் பையனும் சிரிச்சுக்கிட்டே வர்றான். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வாய் வரணுமே.

ஆமத்தூர்ப் பக்கம் எங்க ஊரு. அந்தக் காலத்துல தலைச்சன் பிள்ளை ஆம்பளைன்னா சாமி பேருதான், வேற பேச்சே கெடையாது. நிலபுலன் உள்ள மேலத்தெருவுலயும் அதே பேரு. அவுக காட்டுல களையெடுத்துக் கெடந்துட்டு இப்பப் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுற எங்க கீழத்தெருவுலயும் அதே பேரு. தெரு ரெண்டானாலும் சாமி ஒண்ணுதானே, யாரு என்ன சொல்ல முடியும்? மேலத்தெருக்காரவுக தங்க ஆளுக பேரை முழுசாச் சொல்லி 'அவுக இவுக'ம்பாக. எங்க ஆளுக பேரைப் பாதியில வெட்டிக் கூப்பிடுவாக. அதெல்லாம் இப்பக் கொறைஞ்சு போச்சு. இப்பப் பிறக்கிற பிள்ளைகளுக்குப் போன்ல தேடிப் பேரு வைக்காங்க, எனக்கு அதுல பாதி நாக்குல நிக்க மாட்டேங்குது. பழைய ஆளுக எல்லாம் போய்ச் சேந்தாச்சு. ஊருக்குள்ள அந்தப் பேர்ல இப்ப இருக்கிறது நாலு பேருதான்.

அதுல மூணு பேரு பெரிய ஆளுக. ஒருத்தர் எலும்பு டாக்டர், மேலத்தெரு. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில இருக்காரு. ஒருத்தர் வக்கீல், அவரும் மேலத்தெருதான், மதுரைக் கோர்ட்டுக்குப் போய் வாராரு. வீட்டுல காப்பித் தண்ணி கேட்டாலும் தெருமுனைக்குக் கேக்கும். மூணாவது ஆளு எங்க கீழத்தெரு, கபடி விளையாடி ரயில்வேயில வேலை வாங்குனவரு. அவரு பாடிப் போனா எதிர்த்த டீம்ல ஒருத்தனைத் தொடாமத் திரும்புனதில்லைன்னு சொல்லுவாக. நான் அடிக்கடி யோசிப்பேன். ஒரே சாமி பேரை வச்சுக்கிட்டு ஒருத்தர் எலும்பைச் சேக்காரு, ஒருத்தர் டைவர்ஸ் கேஸு நடத்திக் குடும்பத்தைப் பிரிக்காரு, ஒருத்தர் ஓடுறவன் காலைப் பிடிச்சுக் கவுத்துறாரு. சாமி எதைன்னு பாக்கும்?

நாலாவது ஆளு எங்க வீட்டுக்காரர். சிவகாசியில ஒரு பிரஸ்ல லோடு ஏத்துற வேலை. காலண்டர் சீசன்ல காலண்டர், பள்ளிக்கூடம் தொறக்கிற நேரத்துல நோட்டு. போன்ல யாராவது அந்தப் பேரைச் சொல்லி "எந்த ஆளுங்க பேசுறது?"ன்னு கேட்டா அவுக சொல்ற பதில் ஒண்ணுதான்.

"டாக்டர் இல்ல, வக்கீல் இல்ல, கபடி இல்ல. அதெல்லாம் போக மிச்சம் இருக்கிறது நான்தான்."

சொல்லிட்டு அவுகளே சிரிப்பாக. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

போன வைகாசிப் பொங்கலுக்குக் கோயில் கமிட்டியில ஒரு பெரிய பிளெக்ஸ் அடிச்சாக. 'சாமி பேர் விளங்க வந்த எங்கள் மண்ணின் மைந்தர்களே, வருக வருக'ன்னு போட்டு மூணு படம். ஒருத்தர் கழுத்துல ஸ்டெதஸ்கோப், ஒருத்தர் கறுப்புக் கோட்டு, ஒருத்தர் கையில கப்பு. அந்தப் பிளெக்ஸைச் சிவகாசியில இருந்து வண்டியில கட்டித் தூக்கிட்டு வந்தது யாருங்கீக? எங்க வீட்டு ஆளுதான். கோயில் வாசல்ல ஏணி போட்டுக் கட்டுனதும் அவுகதான்.

"நீங்களும் அந்தப் பேருதானே? ஓரமா ஒரு படம் போட்டாக் கொறைஞ்சா போயிரும்?"னு வீட்டுல சத்தம் போட்டேன்.

"என் படத்தைப் போட்டுக் கீழ என்னன்னு எழுதச் சொல்ற? நோட்டுக் கட்டுத் தூக்குனாருன்னா?"

"எழுதட்டுமே. அந்த நோட்டுல படிச்சுத்தானே டாக்டராகுறாக."

அவுக சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "உனக்கு வாய் மட்டும் வக்கீல் வாய்"ன்னாக. கமிட்டித் தலைவருகிட்ட போய்க் கேட்டுரலாம்னு கெளம்பினவளைக் கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாக. இவ்வளவு வாய் பேசுற நான், அந்தச் சண்டையிலகூடப் பேரைச் சொல்லல பாருங்க. 'அந்தப் பேரு'ன்னுதான் சொன்னேன்.

என் பழக்கம் அப்படி. நான் வேலை பாக்கிற பட்டாசுக் கம்பெனியில புதுசா வந்த சூப்பர்வைசரு ஒருநாள் வீட்டுக்காரர் பேரைக் கேட்டாரு. "எங்க ஊரு எலும்பு டாக்டர் பேருதான் சார்"னு சொன்னேன். அவரு என் மூஞ்சியையும் கையில ஒட்டியிருந்த பசையையும் மாறி மாறிப் பாத்துட்டு, "டாக்டரம்மாவா நீங்க? இங்கன வந்து லேபிள் ஒட்டுறீக?"ன்னுட்டாரு. ஷெட்டே சிரிச்சது. அதோட பட்டப்பேரே வச்சுட்டாளுக எனக்கு. யாராவது விரலைச் சுளுக்கிக்கிட்டா "டாக்டரம்மா, வந்து பாருங்க"ம்பாளுக.

பொங்கலன்னைக்கு நான் லீவு போட்டிருந்தேன். அவுக பிரஸ்ல நோட்டு லோடு நெறைய கெடக்குன்னு காலையிலேயே போயிட்டாக. "மத்தியானம் பொங்கல் பொங்குறதுக்குள்ள வந்துருவேன்"னு சொன்னாக. கோயில் வாசல்ல அடுப்பு வரிசை. மைக் செட்டுல சாமி பாட்டு. பெரிய ஆளுக மூணு பேரும் அன்னைக்கு வாராகன்னு ஊரே வாசலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. என் பானை நுரை கட்டிப் பொங்கப் போற நேரம், பாட்டு நின்னு போச்சு.

கமிட்டித் தலைவரு போனைக் காதுல வச்சபடி நின்னாரு. சிவகாசி ரோட்டு விலக்குல டீக்கடை வச்சிருக்கிறவரு பேசியிருக்காரு. வண்டியில வந்த ஒருத்தரை லாரி அடிச்சுப் போட்டுருச்சு. ஆளு மயங்குறதுக்கு முன்னால தன் பேரையும் எங்க ஊரு பேரையும் மட்டும் சொல்லியிருக்காரு. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டாச்சு.

தலைவரு அந்தப் பேரைச் சொன்னாரு. கூட்டம் மொத்தமும் பிளெக்ஸைப் பாத்துச்சு.

நானும்தான் பாத்தேன். அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சு நெனச்சுப் பாக்கேன். அந்தப் பேரு காதுல விழுந்ததும் என் மனசுல வந்தது ஸ்டெதஸ்கோப் போட்ட படம். 'ஐயையோ, டாக்டருக்கா? எத்தனை எலும்பை ஒட்ட வச்ச மனுஷன்'னு வயித்துல கையை வச்சுக்கிட்டேன். கல்யாணமானதுல இருந்து நான் ஒருதடவைகூடச் சொல்லாத பேரு அது. ஊர்ல மத்தவங்க சொல்லும்போதெல்லாம் அது டாக்டரு, இல்லன்னா வக்கீலு, இல்லன்னா கபடி. எங்க வீட்டு ஆளு எனக்கு 'அவுக'. அவுகளுக்குப் பேரு ஒண்ணு இருக்குங்கறதே என் மனசுக்குத் தெரியல.

டாக்டருக்குப் போன் போட்டாக. டூட்டியில இருக்கேன், சாயங்காலம் வாரேன்னாரு. அவரோட அம்மா அங்கனயே மண்ணுல உக்காந்து அழுதுட்டாக. நான்தான் தண்ணி மோந்து குடுத்தேன். அடுத்து வக்கீலுக்குப் போடப் போனாக, அதுக்குள்ள அவரு காரே கோயில் வாசல்ல வந்து நின்னுருச்சு. கபடிக்காரரு போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. அவரு சம்சாரம் என் தோளைப் பிடிச்சு நசுக்கிட்டா. "ஒண்ணும் இருக்காது தாயி, சாமி இருக்கு"ன்னு நான் தேத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் எடுத்தாரு. பஸ்ஸுல உறங்கிட்டாராம்.

"அப்பாடா"ன்னு தலைவரு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "நம்ம ஆளுக மூணு பேரும் நல்லா இருக்காக. இது அந்தப் பேர்ல வேற எவனோ. ஏப்பா, பாட்டைப் போடு."

பாட்டு மறுபடி ஆரம்பிச்சது. பொம்பளைக குலவை போட்டாளுக. நானும் வாயைக் குவிச்சேன். சத்தம் வரல.

வேற எவனோ.

டாக்டர் இல்ல, வக்கீல் இல்ல, கபடி இல்ல. அதெல்லாம் போக மிச்சம் யாரு? மடியில இருந்த போனை எடுத்து அவுக நம்பரை அமுக்கினேன். சுவிட்ச் ஆப். என் பானை பொங்கி வழிஞ்சு அடுப்பை அணைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் நேரா மைக்குக்கிட்டப் போய் நின்னேன். பேரு வாய்க்கு வரல.

"எங்க வீட்டுக்காரரும் அந்தப் பேருதான்"னேன். மைக்குல ஊருக்கே கேட்டுச்சு. "அவுகளும் இந்த ஊருதான்."

தலைவரு மூஞ்சி தொங்கிப் போச்சு. வக்கீல்தான் கார்க் கதவைத் தொறந்து, "ஏறுக்கா"ன்னாரு. மேலத்தெருக்காரர் வாயில இருந்து அந்த 'அக்கா' வந்ததுகூட அப்ப எனக்கு உறைக்கல. வழி பூராவும் சாமியை வேண்டலாம்னு பாத்தேன், முடியல. சாமியைக் கூப்பிட்டாலும் அதே பேரு. அதையும் இத்தனை வருஷம் 'ஐயா, சாமி'ன்னே கும்பிட்டவ நான். காரு சீட்டைப் பிடிச்சுக்கிட்டு, அவுகளை விட்டுறாத அவுகளை விட்டுறாதன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல என்னை எறக்கி விட்டுட்டு வக்கீல் காரை நிறுத்தப் போனாரு. விசாரிக்கிற எடத்துல ஒரு பொண்ணு. "பேரு சொல்லுங்கம்மா."

"லாரியில அடிபட்டு வந்தாக."

"ரெண்டு மூணு பேரு வந்திருக்காங்கம்மா. பேரு?"

"உங்க எலும்பு டாக்டர் பேருதான்."

"டாக்டரையா பாக்கணும்? உள்ள பிஸியா இருக்காரு. அங்கன உக்காருங்க, கூப்பிடுவோம்."

நான் போய் உக்காந்துட்டேன். சொன்னா நம்புவீகளா? அங்கன பெஞ்சுல, டாக்டரைப் பாக்க வந்தவ மாதிரியே உக்காந்துட்டேன். என்னைக் கடந்து ஒரு ஸ்ட்ரெச்சரு போச்சு. மேல இருந்த ஆளுக்குத் தலை முழுக்கக் கட்டு, மூஞ்சி தெரியல. காலைப் பாத்தேன். அவுக காலு இல்ல. அப்பத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு கேக்காதீக. என் வாய் மேலதான். ஊரே மெச்சுற வாய், ஒரு பேரைச் சொல்ல வக்கில்ல.

எந்திரிச்சு வார்டுக் கதவைத் தள்ளினேன். உள்ள கட்டிலுக்குக் கட்டிலு பச்சைத் துணி தொங்குது. எந்தத் துணிக்குப் பின்னால யாருன்னு தெரியல. நடுவுல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப்பேரு. மேலத்தெருக்காரவுக அவுகளுக்குச் சொல்லாம வெட்டுன பாதியையும் சேத்து, உள்ளூர்த் திருவிழாவுல மைக் இல்லாமக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டேன்.

ரெண்டாவது கட்டில்கிட்ட நின்ன டாக்டரு சடார்னு திரும்பிட்டாரு. பாவம், அவரைப் பேர் சொல்லி அங்க யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. "என்னம்மா?"ன்னாரு.

"உங்கள இல்ல சார்"னேன்.

கடைசிக் கட்டில்ல துணி அசைஞ்சது. வலது காலு முழுக்கக் கட்டை வச்சுக் கட்டியிருந்துச்சு. சட்டை எல்லாம் ரத்தமும் ரோட்டு மண்ணும். தலையை லேசாத் தூக்கி என்னைப் பாத்தாக. உசுரோட பாத்தாக. வெவரம் சொல்ற மாதிரி ஒரு கையை நீட்டினாக.

"டாக்டரையா தேடுற? அந்தா, அங்கன நிக்காரு பாரு."

நான் கட்டில்கிட்டப் போய் நீட்டுன அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அழுகையில பேச்சு வரல. ஆனா பேரு வந்துச்சு. இன்னொரு தடவை சொன்னேன், மெதுவா, அவுகளுக்கு மட்டும் கேக்குற மாதிரி. அவுக என் மூஞ்சியையே பாத்தாக. அப்பவும் தலையைத் திருப்பி டாக்டரு இருந்த பக்கம் ஒரு தடவை பாத்துட்டுத்தான் கேட்டாக.

"என்னையா கூப்பிடுற?"