மனைவிக்கு நான் அனுப்பிய கன்ட்ரி இசை வரலாறு

பலெர்மோவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவே கதவடைத்துப் படுத்துவிடும். நான் வேலை செய்த வீட்டுக்காரம்மா, சின்யோரா, மட்டும் படுக்கமாட்டார். இசைத்தட்டில் ஊசியை வைப்பார். சிசிலி வீட்டுக்குள் அமெரிக்க மலைச்சனம் மூக்கால் பாடத் தொடங்கும். அவருடைய கணவர் அமெரிக்காவில் உழைத்துக் களைத்து, ஒரு பெட்டி கன்ட்ரி இசைத்தட்டுகளோடு திரும்பி வந்து காலமானவர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் என் பெர்மெஸ்ஸோ விண்ணப்பத்தை இரண்டாம் முறையும் தள்ளிவிட்டார்கள். அந்த வதிவிட அனுமதி இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியைக் கூப்பிட முடியாது. அன்று கோப்பை கழுவும்போது அழுதுவிட்டேன். சின்யோரா கண்டுவிட்டார். "தி பியாச்சே?" என்றார். பாட்டுப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார். "சீ" என்றேன். ஆம் என்று சொல்ல மட்டுந்தான் எனக்கு அப்போது தெரியும். அன்றோடு பிடித்தது சனி. தினமும் ஒரு இசைத்தட்டு, கூடவே கையைக் காலைக் காட்டி அதன் வரலாறு.

ஒரு தொப்பிக் கிடங்கின் மாடியில் ஒலிப்பதிவு இயந்திரத்தை வைத்ததும் மலைக்குடும்பத்தினர் இறங்கி வந்து பாடினார்களாம். பிறகு சனிக்கிழமைகளில் வானொலி அந்தப் பாட்டுகளை நாடெங்கும் கொண்டுபோனதாம். பெயர்பெற்ற மேடை ஒன்றில் டிரம் கூடாதென்றிருந்த காலத்தில், அதைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்து அடித்தார்களாம். அது மட்டும் எனக்கு உடனே விளங்கியது. நானும் அப்படி ஒளிந்துதான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

அக்காலத்தில் கசெட்டில் பேசி, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். நல்ல செய்தி இல்லாதவனுக்கு ஒரு கசெட்டை நிரப்புவது லேசான வேலையல்ல. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது தெரியும். நான் தொப்பிக் கிடங்கைச் சொன்னேன், வானொலியைச் சொன்னேன், இடையிடையே இசைத்தட்டுகளையும் பதிந்தேன். பெர்மெஸ்ஸோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மூன்று கசெட் அப்படியே போயிற்று.

மாதங்கள் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது.

"இஞ்சை கறண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, கையாலை பெடலைச் சுத்தி, டைனமோவிலைதான் உங்கடை கசெட்டைக் கேக்கிறன். மெல்லச் சுத்தினால் உங்கடை குரல் கிழவன்ரை குரல் மாதிரி இழுபடுது. அந்தச் சனம் பாடி முடியுமட்டும் சுத்தினன், பிறகாவது நீங்கள் கதைப்பியள் எண்டு. கை ஓய்ஞ்சுபோச்சு. பெர்மெஸ்ஸோ கிடைச்சுதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

போர்கோ வெக்கியோ என்ற சந்தைப் பகுதியில் என் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெட்கமாக இருந்தது. கீழே சந்தையில் மீன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் புதுக் கசெட்டைப் போட்டேன்.

"கிடைக்கேல்லை. ரெண்டு தரமும் இல்லையெண்டிட்டாங்கள். எப்ப கூப்பிடுவன் எண்டு எனக்குத் தெரியாது. சுத்துறதை இதோடை நிப்பாட்டும். மிச்சத்திலை ஒண்டும் இல்லை."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னாலும் அவள் நிறுத்தமாட்டாள், கடைசிவரை சுற்றுவாள். அதனால் கசெட்டின் அந்தப் பக்கம் முடியுமட்டும் நானும் எழும்பாமல் அதன் முன்னால் இருந்தேன்.