தாடையால் கேட்டு வாங்கிய ஐந்து கம்பி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் பேச்சு தூரத்துக்குக் கேட்காது. அது தொழில் கோளாறு. நாங்கள் வாசிக்கிற வரைக்கும் அங்கே நிற்பது ஒருத்தருக்கும் தெரியாது. நிறுத்தினால் மட்டும், "கரண்ட் போச்சா?" என்று கேட்பார்கள். உங்களில் யாராவது ஆர்கெஸ்ட்ராவில் பின்வரிசையில், டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தால், நான் சொல்வது புரியும்.

என் பேர் மைதீன். எண்பதுகளில் தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், பண்டிகை என்றால் செம்பூரில் ஒரு தமிழ் ஆர்கெஸ்ட்ராவில் நாலு கம்பி பேஸ் கிட்டார் வாசிப்பேன், பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த சத்தம் அது.

புதுப் பெட்டி வந்தது

எங்கள் லீடர் அருமைராஜ் அண்ணாச்சி. அவரே பாடுவார், அவரே ஆள் சேர்ப்பார், அவரே கழற்றியும் விடுவார். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் பிராக்டிஸுக்குப் போனால், நட்டநடுவில் புத்தம்புது கீபோர்டு. அதை வாசிக்க மாட்டுங்காவிலிருந்து சுந்தர் என்று ஒருத்தன். பேங்க் வேலை, ரொம்பக் கெட்டிக்காரன். வலது கையை வைத்தால் வயலின் கூட்டமே வருகிறது. அண்ணாச்சி கேட்டாரே என்று இடது கையைக் கீழ்ப்பக்கம் வைத்தான் பாருங்கள், என் கிட்டார் எட்டாத ஆழத்துக்குச் சத்தம் இறங்கிப் போனது.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாட்டுங்கா கல்யாணக் கச்சேரி வரைக்கும் நில்லும், அப்புறம் பார்ப்போம் என்றார். ஒரு தபேலாக்காரரிடமும் இப்படித்தான் சொன்னார். அவரை அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை. இத்தனை நாள் வாசித்ததில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உம்ம நாலு கம்பி முடியுற இடத்துலதான்வே அவன் இடது கை ஆரம்பிக்குது."

மாஹிம் கடையில்

ஐந்து கம்பி பேஸ் என்று ஒன்று வந்திருப்பதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்க ஆள் இல்லை. தாராவியில் டோலக் வாசிக்கிறவர் தெருவுக்கு ஒருத்தர் உண்டு, நாயனக்காரர் உண்டு. பேஸ் வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான். தோல் வாங்கப் போனால்கூடத் தடவிப் பார்க்க நாலு பேர் கூட வருவார்கள். இதற்குத் தனியாகப் போனேன்.

மாஹிமில் கப்பல்காரர்கள் கொண்டுவந்து தள்ளிவிடுகிற சாமான்களை விற்கும் கடை. இரண்டு ஐந்து கம்பி இருந்தது. ஒன்று சிவப்பு, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் கூடுதல் கம்பியை மெல்லிசுப் பக்கம் போட்டிருக்கிறான். மெல்லிசு மேலே ஏறத்தான் உதவும். எனக்கு வேண்டியது கீழே இறங்க. இன்னொன்று பழுப்பு, ஓரமெல்லாம் சிராய்ப்பு. அதன் ஐந்தாவது கம்பி சணல் கயிறு மாதிரித் தடித்திருந்தது. இவ்வளவு தடிப்பு தொளதொளவென்று ஆடுமோ, சுரம் நிற்காதோ என்று பயம். கடை ஆம்ப்ளிஃபயரோ ரிப்பேர், அது இல்லாமல் இந்தக் கிட்டாருக்கு வெளியே சத்தமே கிடையாது.

நான் எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். கிட்டார் உடம்பில் மேல்பக்கம் நீண்டிருக்கும் கொம்பில் தாடையை அழுத்தி, பல்லை மரத்தில் பதித்துக்கொண்டு கம்பியைத் தட்டினேன். வெளியே கேட்காத சத்தம் எலும்பு வழியாக உள்ளே வரும். வந்தது. ரயில் தெரிவதற்கு முன்னால் தண்டவாளம் முனகுமே, அது மாதிரி மண்டைக்குள் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர், வாசிக்கிற சாமானை ஒருத்தன் தின்னப் பார்க்கிறானே என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் பழுப்புக்கு நான் கொடுத்த காசை எண்ணிக்கொண்டே, இது வாசிக்கத்தான், தின்ன இல்லை என்று இந்தியில் சொன்னார்.

"அரே அண்ணா, பஜானே கா ஹை, கானே கா நஹீ."

ஊர்க்காரர்கள் தூங்குகிறார்கள்

நான் இருந்த அறையில் எல்லாரும் நம்ம ஊர்ப்பக்கத்து ஆட்கள்தான். பாதிப் பேருக்கு நைட் ஷிஃப்ட். பகலில் உறையைப் பிரித்தால் அறை முழுக்கத் தூக்கம். காலை நீட்டினால் ஒருத்தன் தலை, கையை நீட்டினால் இன்னொருத்தன் வயிறு. ஆம்ப்ளிஃபயர் போட முடியுமா? சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தாடையை வைத்து, கம்பியைப் பார்த்துப் பார்த்துத் தட்டிப் பழகினேன். அத்தனை பேர் நடுவில் ஐந்து கம்பியும் முழங்குகிறது. கேட்கிறவன் நான் மட்டும். யாரையாவது எழுப்பி, இங்கே தாடையை வைத்துக் கேளுங்கள் என்று சொல்லலாம் போல இருந்தது.

செய்யது என்கிறவர் தானாகவே விழித்தார். எனக்குச் சந்தோஷம். என் விரலையும் கிட்டாரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னார்.

"சத்தமே வராத சாமானுக்கு அஞ்சாவது கம்பி எதுக்குவே?"

மாட்டுங்கா கல்யாணம்

தப்பு முதல் பாட்டிலேயே நடந்தது. நாலு கம்பியில் பழகின கை, கண் பார்க்காமலே மேல் ஓரத்துத் தடிக் கம்பிக்குத்தான் போகும். இப்போது அந்த இடத்தில் புதுக் கம்பி உட்கார்ந்திருக்கிறது. அறையில் கம்பியைப் பார்த்தே வாசித்ததால் எனக்கு இது உறைக்கவில்லை. மேடையில் நான் பார்ப்பது அண்ணாச்சியின் குதிகாலை. தாளம் அதில் இருக்கும். ஆக, பல்லவி முழுக்க ஒரு கம்பி தள்ளியே வாசித்தேன். காது உடனே சொல்லிவிட்டது. கைதான் பதறி இன்னும் கெடுத்தது. அண்ணாச்சி சொன்னபடி சுந்தரின் இடது கையும் கீழே சரியாக வாசித்துக்கொண்டிருந்ததா, இரண்டு சத்தமும் ஒரே சந்துக்குள் எதிரெதிரே நுழைந்த லாரிகள் மாதிரி முட்டிக்கொண்டன. முன்வரிசையில் ஒரு மாமி அதற்கும் ரசித்துத் தலையாட்டினார்.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குத் தப்பு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. யாருவே அது என்றார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுந்தர், "சார், என்னோட லெஃப்ட் ஹேண்ட்தான் சறுக்கிடுத்து. பாய் சரியாத்தான் வாசிச்சார்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் அடுத்த பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் சுந்தரிடம் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

"அப்போ இனிமே அடியில கை வைக்காதடே. அதுக்குத்தான அவரு அஞ்சு கம்பியோட வந்து நிக்காரு."

ஐந்து கம்பி வாங்கி வேலையைக் காப்பாற்றிக்கொண்ட கெட்டிக்காரன் என்று செம்பூரில் என்னைத்தான் சொன்னார்கள். நிஜக் கெட்டிக்காரனோ மீதிக் கச்சேரி முழுக்க இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் வாசித்து முடித்தான்.