முதல் வரிசையில் எழுந்து நின்றவன்

ஹாங்காங்கில் நான் செய்த முதல் தப்பு, சீக்கிரம் போனது. எங்கள் பக்கத்தில் யார் எந்த விழாவுக்கு அழைத்தாலும், நேரத்தோடு போய் முன்வரிசையில் உட்கார்வதுதான் அழைத்தவருக்குச் செய்கிற மரியாதை. கூச்சப்பட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால், "அங்க ஏன் உட்காந்துட்டீங்க, முன்னாடி வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், ஒரே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசியே கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் அந்த நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னதாகப் போய், மேடைக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். கூடம் நிறைந்துவிட்டது. சுவரோரம்கூட ஆட்கள் நின்றார்கள். என் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

என்னைக் கூப்பிட்டவர் எங்கள் கம்பெனியில் தோல் வாங்குகிற ஒரு வெள்ளைக்காரர். நான் செய்யாறு பக்கம் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவன். பதப்படுத்திய தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீறல் இருக்கிறதா, ஆடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது என் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். இரண்டாயிரத்து நான்கு வாக்கில், மேனேஜருக்கு மூட்டுவலி வந்த புண்ணியத்தில், அவருக்குப் பதிலாக ஒரு தோல் கண்காட்சிக்கு என்னை அனுப்பினார்கள். என் வாழ்க்கையில் நான் ஏறிய முதல் விமானம் அது. கண்காட்சி முடிந்த சாயங்காலம் அந்த வெள்ளைக்காரர், "நீங்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை, வாருங்கள்" என்று சீட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் மட்டும் விவரமாக, மேடையிலிருந்து வம்புக்கு இழுக்க முடியாத தூரத்தில், பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குச் சிரிக்கத் தெரியாது என்பதை அவருக்கு முன்பே கண்டுபிடித்தவள் என் மனைவி. எண்பத்தொன்பதில் எங்களுக்குக் கல்யாணம். கீழ்பென்னாத்தூர்க்காரி. வந்த ஒரு வாரத்துக்குள் அவளுக்கு ஒரு வித்தை தெரியும் என்று தெரிந்துபோனது. யாரை ஒரு தடவை பார்த்தாலும் அப்படியே செய்து காட்டிவிடுவாள். கலெக்டர் ஆபீஸில் மனுவை வாங்கி, தலையைத் தூக்காமலே "அடுத்த வாரம்" என்று சொல்கிற குமாஸ்தா, நிற்க இடமில்லாத பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ, அங்க எடம் ஜாஸ்தியா கீது" என்று கத்துகிற கண்டக்டர், வாய் பேசிக்கொண்டே கண்ணால் பக்கத்து வீட்டுக் கொடியில் இருக்கிற புடவையை எடை போடுகிற என் தங்கை. குரல் மட்டும் இல்லை, கழுத்து, தோள், விரல் எல்லாம் மாறிவிடும்.

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டு. இருட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு குரலை எடுத்து விடுவாள். "யாரு, சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். நான் பெரிய நீதிபதி மாதிரி யோசித்து, "பால்காரர்" என்பேன். "தப்பு. பால்காரரோட சம்சாரம். அந்தம்மாவுக்குப் பேச்சுல இழுப்பு கொஞ்சம் கம்மி" என்பாள். கரண்ட் வந்துவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அதை அவளிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோன பிறகு, மலையைப் பார்க்க வந்த மேனேஜரும் அவர் மனைவியும் ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய் என் வேலையில் வந்து நின்றது. "வீட்டுக்கு வந்தா இவரு என்னா பண்ணுவாரு தெரியுமா சார்?" என்றாள் அவள். ஒரு அப்பளத்தை எடுத்து டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினாள். "கீறல். செகண்ட்" என்று இந்தப் பக்கம் வைத்தாள். அடுத்ததை எடுத்து, "உண்ணிக்கடி. ரிஜெக்ட்" என்று அந்தப் பக்கம் வைத்தாள். மேனேஜருக்கு ரசம் புரையேறிவிட்டது. அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். காது இரண்டும் சுட்டது. "நிறுத்து! என்ன கூத்தாடி வேலை இது?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

அவள் அப்பளங்களைத் தட்டில் திரும்ப அடுக்கினாள். "மோர் ஊத்தட்டுமா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அழவில்லை. அன்றைக்கும் சரி, மறுநாளும் சரி, சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. நான் காத்திருந்தேன். அவள் கையிலிருந்த பனையோலை விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. "என்ன, ஒண்ணும் காணோம்?" என்றேன். "என்னாங்க காணோம்?" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு என் எதிரில் அவள் யாராகவும் மாறவே இல்லை. சமையல், பேச்சு, கவனிப்பு எதிலும் குறை கிடையாது. எந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் குறை சொல்ல முடியாத மனைவி. ஆனால் என் வீட்டில் ஏழெட்டுப் பேரோடு வாழ்ந்துகொண்டிருந்த நான், ஒரே ஆளோடு வாழ ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

ஹாங்காங் மேடையில் முதலில் வந்த இரண்டு ஆண்களும் பேசிய வேகத்தில் எனக்கு நாலில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. கூட்டம் சிரித்த பிறகு நானும் பல்லைக் காட்டினேன். மூன்றாவதாக நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். தன் கணவனைப் பற்றிப் பேசினாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைக் காணோம் என்று வீட்டிலிருக்கிற எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மனிதன். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு மேஜையைத் தடவினாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். நாயைக்கூட விசாரித்தாள். அதற்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை. கடைசியில் ஒரு மூலையைக் காட்டி, "அதோ, அவர்தான்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். முகம் சிவந்து, கண்ணில் வழிகிற நீரைத் துடைத்துக்கொண்டு, மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை விடாமல் பார்த்தேன். எங்கேயாவது ஒரு கீறல் தெரியாதா என்று தேடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கண் என்மேல் விழுந்தது. சுற்றிலும் காலி நாற்காலிகளோடு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான். "சார், உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். இது இரண்டாவது தப்பு. மேடையிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டால் உட்கார்ந்தபடி பதில் சொல்ல என்னால் முடியாது. எழும்போது சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "திருவண்ணாமலை, திருவண்ணாமலை மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா" என்றேன். பின்கோடு ஒன்றுதான் பாக்கி. கூடம் கொல்லென்று சிரித்தது.

"உட்காருங்கள், நான் உங்கள் டீச்சர் இல்லை" என்றாள். நான் உட்காரவில்லை. உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டாள். மலை என்றேன். ஏறுவீர்களா? ஏற மாட்டோம், சுற்றி வருவோம். எவ்வளவு தூரம்? பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல். என்ன வேலை பார்க்கிறீர்கள்? செருப்புக்கும் ஷூவுக்கும் தோல் தயாரிக்கிறோம். அவள் மேடை ஓரத்துக்கு வந்து என் காலை எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் செருப்புக்குத் தோல் கொடுத்துவிட்டு, நீங்கள் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறீர்கள். சரி, நடந்து எங்கே போய்ச் சேருவீர்கள்?"

"கிளம்பின இடத்துக்கே" என்றேன்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மை அதுதான். ஆனால் கூடம் அதிர்ந்தது. அவளே மைக்கை இறக்கிவிட்டுச் சிரித்தாள். பிறகு விறைப்பாக நின்று, கையைக் கட்டி, மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டு, என் குரலில் மாவட்டம், மாநிலம், நாடு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நானே எனக்கு எதிரில் நிற்பதைப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. வயிறு குலுங்கிக்கொண்டு சிரிப்புதான் வந்தது. இந்த வயதில், கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத ஒருத்தி என்னைச் செய்து காட்ட நான் சிரிக்கிறேன். வீட்டில் ஒருத்தி அன்போடு செய்தபோது என்ன கேடு வந்தது எனக்கு?

அந்தப் பெண் நன்றாகத்தான் செய்தாள். ஆனால் பொத்தானை விட்டுவிட்டாள். என் மனைவியாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள், முதலில் அங்கேதான் கை போயிருக்கும். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தேன். அவள் அதில் இருக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஏக்கம் கல்யாணமான புதிதில்கூட எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் காலை போன் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசினேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், முன்வரிசை, எழுந்து நின்றது, பதினாலு கிலோமீட்டர் எல்லாம். பொத்தானை மட்டும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? அவள் சிரிப்பாள் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்படியா" என்றாள். "சாப்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"ஒண்ணும் வேணாங்க. பத்திரமா வந்து சேருங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். கார்டில் இன்னும் நேரம் இருந்தது. "சரி, வெச்சுடறேன்" என்றுதான் சொன்னேன்.

ஊர் திரும்பிய நாள் பௌர்ணமி. கூட்டத்துக்காகத் திண்டிவனம் ரோட்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எதிரே வந்த ஜனங்களை விலக்கி விலக்கி வேங்கிக்காலுக்கு நடந்தே வந்தேன். ஆட்டோவில் வந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். நடந்து வந்ததால் நான் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடித்தான் கிளம்புவார்கள். வாசலில் ஒரே செருப்பு. உள்ளே சிரிப்பு. கேட்டில் கை வைத்தவன் அப்படியே நின்றேன்.

"திருவண்ணாமலை, திருவண்ணாமலை மாவட்டம்..." என்று உள்ளே என் குரல் கேட்டது.

பாதி திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கூடத்து நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இருங்க, இருங்க, எழுந்துக்கறத முதல்லேர்ந்து காட்டறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கேள்வி வந்த மாதிரி நிமிர்ந்தாள். எழுந்தாள். எழும்போது அவளுடைய வலது கை மெல்ல மேலே போய், கழுத்துக்குக் கீழே, இல்லாத ஒரு பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

நான் அதை அவளுக்குச் சொல்லவே இல்லை.

பெட்டியைச் சுற்றுச்சுவர்மேல் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. அப்போது கை கழுவ வெளியே வந்த என் தங்கை, "அண்ணா! எப்ப வந்தீங்க?" என்று கத்திவிட்டாள். உள்ளே சத்தம் நின்றது. என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நடந்தா வந்தீங்க? காபி போடட்டுமா?"

"இன்னொரு வாட்டி பண்ணிக் காட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என்னாத்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கே கடை வாசலில் என் மொபெட் நிற்கும். அதில் ஏறி வருகிறவன், தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, வீடு வரைக்கும் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வருவேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருக்கிற நாளில் உள்ளே யாராவது ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்: கண்டக்டர், குமாஸ்தா, பல நாள் நான். வெளியே ஒரு ஆள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் சில நாட்களில், நான் கேட்டருகே வந்து நின்றதும், அவள் குரல் கொஞ்சம் உயரும், தெருவில் நிற்கிறவனுக்கும் கேட்கிற அளவுக்கு. நான் உள்ளே போவதில்லை. போனால் நின்றுவிடும்.