போன் போடாமல் போன ஆணையர்

மனித உரிமை ஆணையத்தில் ஆணையராகச் சேர்ந்தபோது அந்த அம்மாளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எங்கே விசாரணைக்குப் போனாலும் முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுவார். வக்கீலாக இருந்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட மரியாதை அது.

தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி மனு கொடுத்திருந்தாள். விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கும் தன் கணவனைக் காவலர்கள் அடிக்கிறார்கள், உயிரோடு திரும்புவானோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். ஆணையர் வழக்கம்போல் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போன் செய்துவிட்டு மறுநாள் போனார். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. மேஜையில் டீ, பிஸ்கட். வெல்டர் வேலை பார்த்த அந்தக் கணவனுக்குச் சலவைச் சட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டு, மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"யாரும் அடிக்கல மேடம். என் சம்சாரம் பயந்துபோய் எழுதிட்டா."

கண்காணிப்பாளரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்டார். வெல்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கார்ல ஏறிப் போயிடுவீங்க. நான் இங்கதானே படுக்கணும்."

ஆணையத்தால் அரசுக்குப் பரிந்துரைதான் செய்ய முடியும். அதற்கும் அவன் வாயைத் திறக்க வேண்டும்.

"அவனே இல்லங்கிறான். கோப்பை மூடிடலாம். நமக்கென்ன வந்துச்சு?" என்றார் அலுவலகத்தில் உடன் இருந்த இன்னொரு ஆணையர்.

"நான் போன் போட்டதாலதான் சார் இந்த நிலைமை வந்துச்சு."

மறுநாள் சிறைக்குப் போன் போடாமல் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது அவர் கணவர் சிரித்தார். "ஜெயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புற ஆளு இந்தத் தெருவுலயே நீ ஒருத்திதான்."

வெல்டரிடம் அவர் அடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டானா, தூங்கினானா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார். பிறகு ஒருநாள் காலையில் போனார், ஒருநாள் இருட்டப்போகும் நேரத்தில் போனார். இந்தம்மாவுக்கே ஒரு அறை ஒதுக்கிவிடலாம் என்று காவலர்கள் காதுபடவே பேசினார்கள். டீ நின்றுபோனது. அதுவரைக்கும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அலுவலகக் கார் கிடைக்காத ஒரு மழைநாளில் பஸ் பிடித்து, முழங்கால்வரை சேறோடு வந்து உட்கார்ந்தார். வெல்டர் அந்தச் சேற்றையே வெகுநேரம் பார்த்தான்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"நீங்க இங்க இருக்கிற வரைக்கும் வருவேன்."

அவன் கதவைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று சட்டையைக் கழற்றினான். முதுகு முழுக்கத் தழும்பு. பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தார். பார்ப்பதற்குத்தானே வந்திருக்கிறார். தோளுக்குக் கீழே ஒரு காயம் மட்டும் இன்னும் சரியாக ஆறாமல் இருந்தது.

"இது எப்போ?"

"நீங்க வரீங்கன்னு போன் பண்ணீங்களே மேடம். அன்னிக்கு ராத்திரி."

அன்றே மருத்துவரை வரவழைத்தார். அறிக்கையில் அந்தக் காயத்தையும் எழுதினார், போன் செய்தது யார் என்பதையும் எழுதினார்.