உதயசூரியன் போட்ட கையெழுத்து

என் தங்கை சுதாவின் கணவன் உதயசூரியனுக்கு ஒரு தடை இருக்கிறது. இந்தியாவில் கார்ப் பந்தயம் நடக்கும் எந்த இடத்திலும் அவன் வேலைக்காக உள்ளே கால் வைக்கக் கூடாது. போர்ட் பிளேரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க மாட்டார்களா? பழங்குடிக் காட்டைக் கடக்க ஜிர்காடாங் கேட்டில் வரிசையில் நின்று, போலீஸ் வண்டிக்குப் பின்னால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிற தீவு இது. சாத்தம் ஜெட்டியில் என்னோடு டிக்கெட் கொடுக்கிற வங்காளிக்காரர்கூட, "ரேஸ்ல போகக் கூடாதா? சல்தா ஹை யார், விடு" என்று கையை விரித்துவிட்டார்.

நேரில் அவனை "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவன் என்றே எழுதுகிறேன். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

உதயசூரியன் கச்சால் தீவில் பிறந்தவன். அவன் அப்பா முருகையா இலங்கை மலைத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்தவர். அவரையும் அவர் மனைவி அங்கம்மாவையும் கச்சாலுக்கு ரப்பர் பால் வெட்ட அனுப்பினார்கள். பிள்ளைக்கு உதயசூரியன் என்று பெயர் வைத்ததில் கட்சி அபிமானம் எதுவும் கிடையாது. விடிகிற நேரத்தில் பிறந்தான், அவ்வளவுதான்.

சுனாமியின்போது அவன் போர்ட் பிளேரில் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தான். பெற்றவர்கள் தோட்டத்து மேட்டில் நின்றதால் பிழைத்தார்கள். வீடு போயிற்று. இலங்கையிலிருந்து திரும்பியவர் என்று காட்டுகிற குடும்ப அட்டை, ரேஷன் கார்டு, அவனுடைய பள்ளிச் சான்றிதழ், எல்லாம் வீட்டோடு போயின. அதற்கப்புறம் பல மாதம் முகாமில் முருகையாவை நிற்க வைத்து, நீ யார், அதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். அந்த வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவன் இவன்.

பிறகு கோயம்புத்தூருக்குப் போனான். ஒரு பட்டறையில் சேர்ந்து, பந்தயக் கார்களின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கோர்க்கக் கற்றுக்கொண்டான். பம்ப் கம்பெனி வைத்திருக்கிற குடும்பத்தின் பிள்ளை கோகுல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அணி ஆரம்பித்தபோது இவனைத் தலைமை மெக்கானிக்காகக் கூட்டிக்கொண்டான். அங்கே யாரும் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் "அந்தமான்"தான். "அந்தமான், ஜாக்கியை எடு." "அந்தமான், டயர் மாத்து." பந்தயம் இல்லாத மாதங்களில் கப்பலேறி வருவான். அப்படி வந்த ஒரு வருடம்தான் சுதாவைக் கட்டிக்கொடுத்தோம்.

இறுக்கி முடித்த போல்ட்டின் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது அந்தத் தொழிலின் வழக்கம். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவன் இழுத்த கோடு ஒன்றுகூட விலகியதில்லை என்று அங்கே வேலை செய்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலையில் அவன் கில்லாடி. மற்றதில்தான் மண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் காரை ஓட்டுகிறவன் ஒருவன், காருக்கு முதலாளி ஒருவன். ஆனால் பந்தயம் நடத்துகிற சங்கம் இந்த இருவரையும் பிடிப்பதில்லை. 'என்ட்ரன்ட்' என்று ஒரு லைசென்ஸ் உண்டு. அது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அந்தக் காரைக் களத்தில் இறக்குகிறவர். பரிசுப் பட்டியலில் அவர் பெயர் வரும். தப்பு நடந்தால் தண்டனையும் அவருக்குத்தான். 2019இல் சங்கம் ஒரு புது நிபந்தனை போட்டது. என்ட்ரன்ட் ஆகிறவர் ஐந்து வருடத்துக்கு வேறெந்த அமைப்பின் பந்தயத்துக்கும் காரைக் கொண்டுபோக மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மற்ற அணிகளில் முதலாளிகளே போட்டார்கள். கோகுல் மட்டும், "இத்தனை வருஷமா அணியைத் தூக்கி நிறுத்தினது நீங்கதான் அந்தமான், லைசென்ஸ் உங்க பேர்லயே இருக்கட்டும்" என்றான்.

வேறொரு கூட்டம் புது லீக் ஆரம்பிக்கப் போகிறது என்ற பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது. கோகுல் அது தெரியாமல் சொன்னான் என்று நம்ப நான் கைக்குழந்தை இல்லை.

இவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருடப் பந்தயப் புத்தகத்தில் 'என்ட்ரன்ட்: மு. உதயசூரியன்' என்று அச்சில் வந்தது. பன்னிரண்டு புத்தகம் வாங்கிக் கப்பலில் வந்த ஆள் கையில் கொடுத்தனுப்பினான். போனில் என்னிடம் சொன்னதை மறக்க மாட்டேன்.

"மச்சான், எங்க வீட்டுல எல்லார் பேரும் செக்ரோல்ல ஏறின பேருதான். தாத்தா, அப்பா, அம்மா, எல்லாமே. கங்காணி கூப்பிட கூப்பிட கைய தூக்குற பேரு. தொரைமாரு பேரு இருக்கிற பக்கத்துல எங்க பேரு வந்தது இதுதான் மொத தடவ."

செக்ரோல் என்பது தோட்டத்தில் ஆள் வந்ததைக் குறிக்கிற பதிவேடு. "நல்லாருங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

2022இல் புது லீக் வந்தது. டி.வி., நடிகர்கள், நகரத்துத் தெருவிலேயே பந்தயம் என்று ஒரே ஆர்ப்பாட்டம். ஆறு அணிகள் பழையதை உதறிவிட்டு அங்கே தாவின. கோகுலின் அணியும் தாவியது. தாவுவதற்கு முன் இவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால் இல்லை. லாரியில் ஏற்றும்போதுதான் எந்த ஊருக்கு என்றே இவனுக்குத் தெரியும். பழைய சங்கம் வாக்கு மீறிய ஆறு என்ட்ரன்ட்களுக்கும் மறு உத்தரவு வரும்வரை தடை போட்டது.

ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, டி.வி.க்காரர்கள் கையைக் கழுவினார்கள், புது லீக் படுத்துவிட்டது. பெரியவர்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். சங்கமும் லீக்கும் ஒன்றாகிவிட்டன. ஐந்து முதலாளிகள் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்து, கை குலுக்கி உள்ளே போனார்கள். கோகுல் தன் மனைவியின் தம்பி பெயரில் புது லைசென்ஸ் எடுத்து அதே காரோடு உள்ளே போனான். மன்னிப்பில் சேராமல் வெளியே நின்றது ஒரே ஒரு பெயர்தான். "கொஞ்ச நாள் ஊர்ல இருங்க அந்தமான், நான் பேசறேன்" என்று சொல்லிக் கோகுல் இவனை ஊருக்கு அனுப்பினான்.

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடம் ஆனது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு ஆட்டோ கராஜில் இவன் வேலைக்குப் போனான். ஆட்டோ போல்ட்டுக்கும் மஞ்சள் கோடு இழுத்தான். "க்யா ரே, பொட்டு வச்சு பூஜை பண்றியா?" என்று டிரைவர்கள் கிண்டலடித்தார்கள். வீட்டில் பேச்சு குறைந்தது. சுதா என்னிடம் வந்து, "அண்ணே, மனுசன் இங்க உக்காந்திருக்காரு, ஆனா ஆள் இல்ல" என்று அழுதாள்.

நான்தான் சங்கத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். சென்னையில் இந்திராணி என்ற வக்கீலம்மாவைப் பிடித்தேன். அந்த அம்மா போனில் தெளிவாகச் சொன்னார். "அவர் விசாரணையில ஒரே ஒரு வாக்கியம் சொன்னா போதும் சார். பேருக்குத்தான் கையெழுத்து போட்டேன், முடிவு எடுத்தது ஓனர். அவ்வளவுதான். அன்னிக்கே தடையை எடுத்துடுவாங்க." வேறொரு அணியின் முதலாளி, தடை நீங்கினால் மறுநாளே இவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு வாக்கியம். அதற்குப் பின்னால் அவனுடைய மொத்தத் தொழிலும் காத்திருந்தது.

சென்னை விசாரணைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். கப்பலில் மூன்று நாள், அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் அவனுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் தலைவராக உட்காருவேன், அவன் எதிரில் நிற்பான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"கையெழுத்து போட்டேன் சார். முடிவு எடுத்தது ஓனர்."

"பேருக்குத்தான்! அத எங்க முழுங்குனீங்க?"

"அதையும் சொல்லணுமா மச்சான்?"

"அதுதான்யா முக்கியம்! சம்ஜா?"

மறுபடி சொல்வான். அந்த வார்த்தை வரும் இடத்தில் ஒரு இருமல் வரும். பக்கத்துப் பங்க்கில் இருந்த பாம்பூஃபிளாட் ஊர்க் குடும்பம் எங்களை ஏதோ நாடகக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஒரு வழியாக முழுசாகச் சொன்னான். நான் நிம்மதியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

விசாரணை ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் தலைவர், வயதானவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கடைசி நாற்காலியில் கோகுல் உட்கார்ந்திருந்தான். ஒன்றாகிப்போன சங்கத்தில் அவன் இப்போது கமிட்டி உறுப்பினர். எழுந்து வந்து இவன் தோளைத் தட்டி, "நல்லாருக்கீங்களா அந்தமான்? இளைச்சுட்டீங்களே" என்றான். நான் ஓரடி முன்னால் வைத்தேன். வக்கீலம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். "இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"

"என்னோடதுதான் சார்."

"அணியைப் புது லீக்குக்குக் கொண்டுபோனது உங்க முடிவா? இல்ல, பேருக்குத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

மனிதர் பதிலையும் தானே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இவன் இருமினான். வாயைத் திறந்தான். அதற்குள் கோகுல் முந்திக்கொண்டான். அவன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காப்பாற்றத்தான் பார்த்தான்.

"சார், பாவம் சார், அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நம்ம மெக்கானிக்தான். காட்டின இடத்துல கையெழுத்து போட்டாரு. எதுக்குன்னுகூட கேக்கல. விட்டுடலாம்."

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் லேசாகச் சிரித்தார். தலைவர் பேனாவைத் திறந்தார். எல்லாம் முடிந்தது, தடை போய்விட்டது என்றே நான் நினைத்தேன்.

"இல்ல சார்" என்றான் உதயசூரியன்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். எதுக்குன்னு தெரிஞ்சுதான் போட்டேன். நான்தான் என்ட்ரன்ட். காரைக் கொண்டுபோனதும் நான்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்க, உதயசூரியன்" என்றார் தலைவர். "இது பதிவாகும்."

"பதிவாகட்டும் சார்."

வக்கீலம்மா பேச எழுந்தார். இவன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். அவ்வளவு பெரிய மனிதர்கள் முன்னால் அவன் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததேயில்லை. அந்த நிமிடத்தில் அவனை அங்கேயே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது.

வெளியே ரோட்டில் வந்து கத்தினேன். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்லச் சொல்லலியேய்யா! உண்மையத்தானே சொல்லச் சொன்னேன்! அந்த ஆளே உங்களுக்காகச் சொன்னான்ல?"

"அதான் மச்சான். அவரு சொன்னது அம்புட்டும் உண்மை." அவன் உதடு கோணிக்கொண்டது. "எதுக்குன்னு நான் கேக்கவே இல்ல. எங்கப்பனும் இந்தியாவுக்கு வர கைநாட்டு வச்சப்ப கேக்கல. அத நானே எந்திரிச்சி நின்னு ஆமான்னு சொல்லணுமா? அதச் சொல்லிட்டு உள்ள போயி, மறுபடி ஜாக்கிய தூக்கவா?"

சொல்லிவிட்டு நடுரோட்டில் அழுதான். நாற்பது வயது ஆள், போகிறவர் வருகிறவர் பார்க்க விம்மி விம்மி அழுதான். நிமிர்ந்து நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று அவனுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. அவன்மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை. திரும்பி வருகிற கப்பலில் மூன்று நாளும் நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

ஆறு வாரம் கழித்து ஆணை பதிவுத் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் படித்தேன். தெரிந்தே வாக்கு மீறியதை அவரே ஒப்புக்கொண்டதால் ஆயுள் தடை, இதற்கு மேல் முறையீடு கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

அவன் கையில் கிரீஸ் இருந்தது. தாளைத் தொடாமல் எட்டிப் பார்த்தான்.

"என்னன்னு போட்டிருக்காங்க மச்சான்? மெக்கானிக்னா, என்ட்ரன்ட்னா?"

"என்ட்ரன்ட்னுதான் போட்டிருக்கு."

தலையை ஆட்டிக்கொண்டான். அடுப்படியிலிருந்து சுதா வந்து நின்றாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இனிமே போகவே முடியாதாங்க?"

"முடியாது" என்றான்.