பிடரியில் ஒரு குளம்

மகன் வாங்கி வந்த, கழுத்து பிடித்துவிடுகிற மெஷினை மாட்டினால் வண்டு போல உறுமுகிறது. மண்டை எலும்புக்குக் கீழே, முடி முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறதே, அங்கேதான் அழுத்துகிறது. அழுத்தட்டும். எனக்கு அந்த இடத்தில் வேறு இரண்டு கட்டைவிரல்கள்தான் ஞாபகம், பெருங்காய வாசனையோடு.

வலங்கைமானில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மனைவி. அக்கா முறைக்கு, அவர்கள் வழக்கப்படி லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் சிங்கப்பூரில் இருந்தவர். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா அந்தப் பள்ளத்தைப் பிடித்துவிடச் சொல்லிக்கொடுத்தாராம். அவர்கள் பேச்சில் அதற்குக் காற்றுக் குளம் என்று பெயராம்.

நடவில் நான்தான் முன்னத்தி ஆள். என் வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள். ஒரு சம்பாவுக்குப் பிடரியிலிருந்து கண் வரை வலி ஏறி, குனிந்தால் வயல் சுற்றியது. தலையில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நான் குனியாவிட்டால் என் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். அதை நான் பார்ப்பதா? சுக்கு வாங்கப் போனவளை லாத்தா உள்ளே உட்காரவைத்தார். கை பட்டால் தீட்டென்று எங்கள் தெருப் பெண்களுக்குச் சாமானையே தூக்கிப் போடுகிற கடைகள் இருந்த காலம். அவர் என் பிடரியைத் தொட்டார்.

"தலைய என் கையில குடுடி."

"குடுத்துட்டுத்தானே இருக்கேன்."

"எங்க குடுத்த? நாத்துக்கட்டு மாதிரி நீயேல்ல தூக்கிப் புடிச்சிருக்க! திருடிக்கிட்டா போயிருவேன்?"

விட்டேன். கண் சொக்கியது. "குளம்னீங்களே லாத்தா, தண்ணி எப்ப வடியும்? மூக்கு வழியாவா, காது வழியாவா?" என்று கேட்டேன். மதகைத் திறந்தால் வடிய வேண்டாமா? அவர் சிரித்த சிரிப்பில் பாய் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "காத்துக் குளம்டி! மேட்டூர் தண்ணியா, தொறந்துவிட?" அந்தச் சம்பாவிலும் முதல் வரிசை என்னுடையதுதான்.

பல வருஷம் கழித்துப் பாய் இறந்துபோனார். லாத்தா அழவில்லை, சாப்பிடவில்லை, பேசவில்லை. மகள்கள் பயந்துபோய் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். புருஷன் போனபின் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் அவர் இருந்த அறைக்குள் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நாற்றுப் பிடித்துக் காய்த்த விரல்களை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். கழுத்து கட்டை போல நின்றது.

"தலைய குடுங்க லாத்தா. திருடிக்கிட்டா போயிருவேன்?"

கொஞ்சம் கொஞ்சமாய் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. ஒரு மனுஷியின் தலை அவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. நெடுநேரம் குலுங்கியது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "வடிஞ்சிருச்சுடி."

இப்போது லாத்தாவும் இல்லை. மெஷின் நல்லதுதான், மகன் ஆசையாய் வாங்கியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என் தலையைக் கேட்பதில்லை. அது பாட்டுக்கு உறுமுகிறது. என் தலையை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.